புங்க மரம் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலிலோ, தெருவோரத்திலோ, தோட்டத்து வரப்பிலோ நிழலுக்கு ஒரு மரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் புங்கனைத்தான் சொல்கிறோம். நட்ட பிறகு ஆளுக்கு ஆள் அதே சந்தேகங்களோடு திரும்பி வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். நடப்போகிறவர்கள் முதல் 9 கேள்விகளையும் வரிசையாகப் படிப்பது நல்லது. ஏற்கெனவே மரம் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

1. புங்கன், புங்கை, புன்கு எல்லாம் ஒண்ணுதானா? புன்னையும் இதுதானா?

புங்கன், புங்கை, புங்கம், புங்கு, புன்கு எல்லாம் ஒரே மரம். தாவரவியலில் இதைப் ‘பொங்கேமியா பின்னாட்டா’ என்பார்கள். ‘பொங்கேமியா’ என்ற பெயரே தென்னிந்தியாவில் நாம் சொல்லும் பெயரிலிருந்து போனதுதான். இப்போது ‘மில்லெட்டியா பின்னாட்டா’ என்றும் எழுதுகிறார்கள். சீர்காழி அருகே உள்ள திருப்புன்கூர் சிவலோகநாதர் கோயிலின் தலமரமும் இதுதான்.

புன்னை வேறு மரம். இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். புங்கனில் ஒரு காம்பில் 5 அல்லது 7 சிற்றிலைகள் இருக்கும், நுனியில் தனியாக ஒன்று நிற்கும். புன்னை இலை தனி இலை, தடித்துத் தோல்போல இருக்கும், நடு நரம்பிலிருந்து நெருக்கமான மெல்லிய கோடுகள் ஓடும். புன்னையும் நல்ல மரம்தான், ஆனால் புங்கனைவிட மெதுவாக வளரும். கன்று வாங்கும்போது பெயரை மட்டும் கேட்டு வாங்காமல் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

2. வச்சா எத்தனை வருஷத்துல உட்கார நிழல் கிடைக்கும்?

நல்ல குழியில் நட்டு, முதல் இரண்டு கோடையும் தண்ணீர் விட்டால் மூன்றாம் ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். நான்கு, ஐந்து ஆண்டுகளில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு நிழல் விழும். எட்டு முதல் பத்து ஆண்டுகளில் கார் நிறுத்தலாம். வானம் பார்த்த நிலத்தில், நட்டதோடு விட்டுவிட்டால் இதே மரம் இரண்டு மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும்.

முதல் ஆண்டில் மேலே பெரிதாக எதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் புங்கன் ஆணிவேரை இறக்கிக்கொண்டிருக்கும். ‘ஒரு வருஷமா அப்படியே நிக்குது’ என்று யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். புங்கன் அவரைக் குடும்பத்து மரம். வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். யூரியா போட்டால் தண்டு மெலிந்து நீண்டு, காற்றுக்கு வளைந்துவிடும்.

3. இதைவிட வேகமா வளர்ற தூங்குமூஞ்சியோ வாதநாராயணனோ வைக்கலாமே?

இடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. குடை 80, 100 அடிக்குப் படரும். பள்ளி மைதானத்துக்கும் பெரிய சாலைக்கும் சரி, 30 அடி மனைக்கு அது ஆகாது. வாதநாராயணன் போத்து (வெட்டிய கொம்பு) நட்டாலே வந்துவிடும், வேகமும் அதிகம், ஆனால் கிளை முறியும். கீரைக்கும் தழைக்கும் வேலியோரத்தில் வைக்கலாம். குல்மோகரின் வேர் மேலோட்டமாக ஓடும், பலத்த காற்றில் சாய்ந்துவிடும்.

புங்கனின் குடை சுமாராக 25 முதல் 35 அடி அகலம் வரும். நெருக்கமான இலை, ஆழமான வேர், ஆடு மாடு அவ்வளவாக விரும்பிக் கடிக்காத தழை, நம் மண்ணின் மரம். கோடையில் மற்ற மரங்கள் வாடி நிற்கும்போது சித்திரை வெயிலுக்கு முன்பே புது இலை விட்டுவிடும். நிழல் மிகவும் தேவைப்படும் மாதங்களில் அடர்த்தியாக நிற்பதுதான் இதன் பெரிய பலம். வேகத்தில் முதலிடம் இல்லாவிட்டாலும், வேகமும் உறுதியும் சேர்ந்த மரம் என்று பார்த்தால் சின்ன மனைக்கு இதற்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம்.

4. விதை போட்டே வளர்க்கலாமா?

தாராளமாக. இருப்பதிலேயே எளிதான வேலை இதுதான். மாசி முதல் சித்திரை வரை மரத்தடியில் பழுப்பாக, தட்டையாக, ஒரு பக்கம் மூக்கு வளைந்த காய்கள் கிடக்கும். தானாக வெடிக்காது. நெற்று விளிம்பில் லேசாகத் தட்டினால் பிளந்து உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒன்று, அபூர்வமாக இரண்டு விதை இருக்கும். ஓட்டையோ பூசணமோ இல்லாத கனமான விதையாக எடுங்கள். அந்த ஆண்டு விதைதான் வேண்டும். நாள் ஆக ஆக முளைப்பு குறைந்துகொண்டே போகும்.

ஓரிரவு தண்ணீரில் ஊறப்போட்டு, செம்மண் 2, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1 என்ற கணக்கில் கலந்து, குறைந்தது 9 அங்குல உயரப் பையில் நிரப்பி, ஒரு விரல் கணு ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். இரண்டு வாரத்தில் முளைக்கும். விதைப்பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், தளிர் மட்டும் மேலே வரும். அதற்கு முன்பே வேர் நன்றாக நீண்டிருக்கும். முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தால் அந்த வேர் ஒடிந்துவிடும்.

இடம் முடிவாகிவிட்டது, தண்ணீர் விட ஆள் இருக்கிறது, ஆடு வராது என்றால் பையே வேண்டாம். நடப்போகும் குழியிலேயே மூன்று விதை போட்டு, நல்ல ஒன்றை விட்டு மற்ற இரண்டையும் கிள்ளிவிடுங்கள். நட்ட இடத்திலேயே முளைத்த மரத்தின் ஆணிவேர் எந்த நர்சரிக் கன்றுக்கும் வராது.

5. கொம்பு வெட்டி நட்டா வருமா? பூவரசு வருதே?

பூவரசு போத்து எளிதாக வேர் விடும். புங்கனும் கொம்பிலிருந்து வரும், ஆனால் பூவரசு அளவுக்கு எளிதல்ல. வந்தாலும் கொம்பில் வளர்ந்ததற்கு உண்மையான ஆணிவேர் கிடையாது, பக்க வேர்கள்தான். எண்ணெய்க்காகக் காய் எடுப்பவர்கள் நல்ல மரத்தின் குணம் மாறாமல் இருக்க ஒட்டுக்கன்றோ கொம்போ வைப்பார்கள். நிழலுக்கும் காற்றைத் தாங்குவதற்கும் விதைக்கன்றுதான் சரி.

6. நர்சரில உயரமான கன்றா பார்த்து வாங்கினா சீக்கிரம் நிழல் வரும்தானே?

வராது. நாங்கள் பார்ப்பதில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். 8 அடிக் கன்று சின்னப் பையில் நின்றால், அது அந்தப் பைக்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்திருக்கிறது என்று பொருள். வேர் போக இடமில்லாமல் பையின் அடியில் கயிற்றுச் சுருள்போலச் சுற்றியிருக்கும். நட்ட பிறகும் வேர் அந்தச் சுருளிலேயே தடிக்கும். ஐந்தாறு ஆண்டுகள் மரம் நன்றாகத்தான் தெரியும். பிறகு ஒரு மழைக்காற்றில் வேரோடு பிடுங்கிக்கொண்டு விழும். விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தால் பழைய பையின் அளவிலேயே வேர் உருண்டையாக நிற்கும்.

2 முதல் 3 அடி உயரம், அடித்தண்டு சுண்டுவிரல் தடிமன், ஓராண்டுக்குள் வயது இருந்தால் போதும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். தடித்த வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அந்தக் கன்று வேண்டாம். அதைப் பிடுங்கித்தான் கொடுப்பார்கள், ஆணிவேர் அங்கேயே அறுந்துவிடும். தண்டைப் பிடித்து லேசாக அசைத்தால் பையோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் தனியே ஆடினால் வேர் பிடிக்கவில்லை. வனத்துறை நாற்றங்கால்களிலும் புங்கன் கன்று கிடைக்கும். அங்கேயும் இதே சோதனைதான்.

7. குழி எவ்வளவு வெட்டணும்? உள்ளே என்ன போடணும்?

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. இறுகிய சுக்கான் மண்ணோ சரளையோ என்றால் 3 அடி. வெட்டும்போது மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகவும் கீழ் மண்ணைத் தனியாகவும் குவித்து, ஒரு வாரம் குழியை வெயிலில் காயவிடுங்கள். பிறகு மேல் மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரம் (சுமார் 10 கிலோ), கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து முக்கால் குழியை நிரப்புங்கள். பிண்ணாக்கு கரையானுக்காக. பச்சைச் சாணம் போடாதீர்கள். அது மக்கும்போது சூடேறி வேரைக் கருக்கும், கரையானையும் கூட்டி வரும். கட்டட வேலை நடந்த மனையில் குழிக்குள் சிமெண்டுக் கட்டி, செங்கல் துண்டு, டைல்ஸ் தூள் வரும். அவற்றைத் திரும்பப் போட்டு மூடாமல் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவாருங்கள்.

நடும்போது பையைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்து எடுங்கள். ‘பை தானா மக்கிடும்’ என்று சிலர் அப்படியே வைக்கிறார்கள், பாலித்தீன் மக்காது. அடியில் வேர் சுற்றத் தொடங்கியிருந்தால் அடியிலிருந்து ஓர் அங்குல மண்ணை வேரோடு நேராக வெட்டி எடுத்துவிட்டு நடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து புது வேர் நேராக இறங்கும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் தரையும் வர வேண்டும். தண்டை மண்ணுக்குள் புதைத்தால் பட்டை அழுகும்.

8. எந்த மாசத்துல நடணும்?

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சென்னை, டெல்டா, தென்மாவட்டப் பகுதிகளில் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிக்குள். மூன்று மாதம் மழையும் பனியும் கிடைத்து, கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். தென்மேற்கு மழை கிடைக்கும் மேற்கு மாவட்டங்களில் ஆடியிலேயே நடலாம். தண்ணீர் கைவசம் இருந்தால் மற்ற மாதங்களிலும் நடலாம், ஆனால் மாசி முதல் வைகாசி வரை தவிர்த்துவிடுங்கள்.

9. தண்ணி தினமும் விடணுமா?

தினமும் அரைக் குடம் விடுவதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக விடுவது முக்கியம். மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே நிற்கும். மழை இல்லாத நாட்களுக்கான கணக்கு இது: முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம் (10 லிட்டருக்குக் குறையாமல்), அதன்பின் முதல் ஆண்டு முழுக்க வாரம் இரண்டு தடவை ஒன்றரைக் குடம், இரண்டாம் கோடையில் வாரம் ஒரு தடவை மூன்று குடம். மூன்றாம் ஆண்டிலிருந்து தேவையில்லை. கடும் வறட்சியில் மாதம் இரண்டு தடவை விட்டால் போதும்.

பாத்தியைத் தண்டை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வட்டமாக இழுங்கள், ஆண்டுக்கு ஒரு அடி வெளியே நகர்த்துங்கள். பாத்திக்குள் காய்ந்த இலை, தென்னை மட்டை, வைக்கோல் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காயாமல் நிற்கும். இந்த மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது.

10. வேர் அஸ்திவாரத்தை உடைச்சிடும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாங்க.

ஆலும் அரசும் சுவரிலேயே முளைத்துப் பிளக்கும். புங்கன் அந்த வகை இல்லை. ஆனாலும் ஆணிவேரோடு நீளமான பக்க வேர்களும் விடும், அந்த வேர்களிலிருந்து சில நேரம் தனிக் கன்றுகளும் கிளம்பும். அதனால் சுவரை ஒட்டி வைக்கவே கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து 12 முதல் 15 அடி, காம்பவுண்டுச் சுவரிலிருந்து குறைந்தது 6 அடி, செப்டிக் டேங்க், கசிவுள்ள சாக்கடைக் குழாய், சம்ப் ஆகியவற்றிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள்.

வேர் ஈரத்தைத் தேடித்தான் போகும். நல்ல கான்கிரீட்டை வேர் துளைக்காது. ஏற்கெனவே விரிசலும் கசிவும் இருக்கும் இடத்தில்தான் நுழைந்து பெரிதாக்கும். குழாயில் வேர் வந்தால் மரத்தை வெட்டினாலும் கசிவு போகாது, முதலில் குழாயைச் சரிசெய்ய வேண்டும். 12 அடி தள்ளி வைக்க இடமே இல்லாத மனைக்குப் புங்கன் வேண்டாம். பவழமல்லி, மந்தாரை, கறிவேப்பிலை போன்ற சிறு மரம் வையுங்கள்.

11. வீட்டு முன்னாடி கரண்ட் கம்பி போகுது. அதுக்குக் கீழே வைக்கலாமா?

கூடாது. புங்கன் எளிதாக 40 அடியைத் தொடும். கம்பிக்குக் கீழே நின்றால் ஆண்டுதோறும் நடுத்தலையை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் கிளைகளுக்கு ஆழமான பிடிப்பு இருக்காது, அவைதான் பிறகு முறிந்து கம்பிமேலேயே விழும். தெருவின் ஒரு பக்கம் கம்பி என்றால் எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். வரிசையாக வைப்பதானால் மரத்துக்கு மரம் 25 முதல் 30 அடி இடைவெளி வேண்டும்.

12. எங்க ஊர் போர் தண்ணி உப்பு. மழைக்காலத்துல தண்ணியும் தேங்கும். வருமா?

வரும். இந்த இரண்டையும் தாங்கும் மரங்களில் புங்கன் முன்வரிசை. கடற்கரை ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் இயல்பாகவே வளரும் மரம் அது. வளர்ந்த மரம் சில வாரம் நிற்கும் தண்ணீரைத் தாங்கிவிடும். கன்று தாங்காது. தேங்கும் இடத்தில் ஒன்றரை அடி உயரம், 5 அடி அகலத்துக்கு மண்மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். உப்புத் தண்ணீர் விடுவதானால் இடையிடையே மழைநீரோ நல்ல தண்ணீரோ நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். இலை ஓரம் கருகத் தொடங்கினால் உப்பு சேர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

13. நேரா மரமா வளராம புதர் மாதிரி கிளை விடுது. என்ன செய்றது?

புங்கனின் சுபாவமே அதுதான். விட்டால் இடுப்பு உயரத்திலேயே கிளை பிரிந்து தாழ்வாகக் குடை விரிக்கும். ஆள் நடக்க வேண்டுமென்றால் முதல் நான்கு ஆண்டு நாம்தான் வழிகாட்ட வேண்டும். உச்சியில் போட்டிபோடும் இரண்டு மூன்று தளிர்களில் நேரானதை விட்டு, மற்றவற்றின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளை ஒரேயடியாகக் கழிக்காதீர்கள். மரத்தின் மொத்த உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் உள்ளவற்றை மட்டும், ஆண்டுக்கு இரண்டு மூன்றாக எடுங்கள். எல்லாவற்றையும் கழித்துவிட்டால் தண்டு தடிக்காமல் உச்சி மட்டும் கனத்து வளையும்.

தண்டில் கிளையில்லாத பகுதி 7, 8 அடி ஆனதும் நிறுத்திவிடலாம். ‘வி’ எழுத்துபோலக் குறுகலாகப் பிரியும் இரட்டைத் தண்டில் ஒன்றை இளமையிலேயே எடுத்துவிடுங்கள். அந்த இடுக்கில் பட்டை உள்ளே மடிந்துபோய்ப் பிடிப்பு இருக்காது. பெரிதானபின் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

14. கூண்டும் முட்டுக்கம்பும் எவ்வளவு நாள் இருக்கணும்?

முட்டுக்கம்பு ஓராண்டு. கன்றுக்கு இருபுறமும் ஒரு அடி தள்ளி இரண்டு கம்பு ஊன்றி, துணிக் கிழிசலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கன்று கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அடித்தண்டு தடிக்கும். கட்டுக்கம்பியோ நைலான் கயிறோ வேண்டாம்.

இரும்புக் கூண்டை மூன்றாம் ஆண்டில் எடுத்தே ஆக வேண்டும். தெருவில் பார்த்திருப்பீர்கள்: கூண்டின் மேல் வளையத்தை மரம் விழுங்கியிருக்கும், வளையத்துக்கு மேலே பட்டை தலையணைபோல உப்பி, கீழே ஒடுங்கியிருக்கும். இலையில் தயாராகும் சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையம் அதை இறுக்கினால் மரம் மேலே பச்சையாக இருக்கும்போதே வேர் பட்டினி கிடக்கும். ஏற்கெனவே பதிந்துவிட்டால் பிடுங்கி இழுக்காதீர்கள். வெளியே தெரியும் கம்பியைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துவிட்டு, உள்ளே போனதை விட்டுவிடுங்கள். சுற்றிலும் தொடர்ச்சி அறுந்தாலே மரம் சமாளித்துக்கொள்ளும்.

15. இலையெல்லாம் பச்சைப் பச்சையா கொப்புளம், முள்ளு மாதிரி நிக்குது. மரம் செத்துடுமா?

சாகாது. புங்கனைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப் பேன் தளிர் இலையில் உறிஞ்சும்போது, இலையே அதைச் சுற்றி விரல்போன்ற முடிச்சுகளை வளர்க்கிறது. பேன்கள் அதற்குள் பத்திரமாக இருக்கும். அதனால் கொப்புளம் வந்தபின் எந்த மருந்து அடித்தாலும் பணம்தான் வீண். கொப்புளம் வந்த இலை அடுத்த உதிர்வில் போய்விடும்.

பெரிய மரத்துக்கு எதுவும் செய்ய வேண்டாம். சிறு கன்றில் உச்சித்தளிரே சுருண்டு வளர்ச்சி நின்றால் மட்டும், பாதித்த நுனிகளைக் கிள்ளி எரித்துவிட்டு, அடுத்து வரும் தளிர் இன்னும் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே நனையும் கந்தகத் தூள் (80 சதம்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து, 10 நாள் இடைவெளியில் இருமுறை தெளியுங்கள். மாலையில் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் கந்தகம் இலையைப் பொசுக்கும். கந்தகம் தெளித்ததற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தாலும் இலை கருகும்.

இலையில் வெள்ளித் தாள் ஒட்டியதுபோல் திட்டும் கோடும் தெரிந்தால் அது வேறு, இலைத்தோலுக்குள் சுரங்கம் போடும் சின்னப் புழு. அதற்கும் பெரிய மரத்தில் மருந்து தேவையில்லை.

16. மாசி மாசம் மொத்த இலையும் கொட்டி மொட்டையா நிக்குது. பட்டுப்போச்சா?

இது வழக்கமான இலையுதிர்வு. மாசி, பங்குனியில் உதிர்த்து, சில நாட்கள் மொட்டையாக நின்று, உடனே பளபளவென்று தளிர்க்கும். சந்தேகமிருந்தால் சுள்ளி ஒன்றில் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் கீழே இறங்கி இறங்கிக் கீறிப் பாருங்கள். மழைக்காலத்திலோ, ஒரு பக்கக் கிளையில் மட்டுமோ இலை கொட்டினால்தான் கவலைப்பட வேண்டும். அந்தப் பக்கத்தில் வேர் வெட்டுப்பட்டிருக்கிறதா, பள்ளம் தோண்டினார்களா என்று பாருங்கள்.

17. குப்பை தாங்கலை. இலை, அப்புறம் பூ, அப்புறம் காய்.

உண்மைதான், இதை மறைத்துச் சொல்லக்கூடாது. பங்குனி முதல் வைகாசிக்குள் மூன்று தடவை பெருக்க வேண்டியிருக்கும். வெள்ளையும் ஊதாவுமாய் உதிரும் பூவைச் சங்கப் பாடல்கள் பொரிக்கு ஒப்பிட்டன. தினமும் பெருக்குபவருக்கு அது ஆறுதல் ஆகாது. கார் நிற்கும் இடத்தில் பூவும் பூச்சிகளின் பிசுபிசுப்பும் ஒட்டும், தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

அந்தக் குப்பையை எரிக்காதீர்கள். புங்கந்தழையை நெல் வயலுக்குப் பசுந்தாள் உரமாக மிதித்தது சும்மா இல்லை, தழைச்சத்து மிகுந்த இலை அது. 3 அடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி எடுத்து, ஒரு சாண் இலைக்கு ஒரு கை மண், கொஞ்சம் சாணக் கரைசல் என்று அடுக்கி ஈரம் காயாமல் வைத்திருந்தால் ஐந்தாறு மாதத்தில் மக்கிவிடும். அதுவும் வேண்டாமென்றால் 9ஆம் பதிலில் சொன்ன மூடாக்குக்கு அதையே போடுங்கள்.

18. பெரிய கிளை மாடியில இடிக்குது. எப்போ, எப்படி வெட்டணும்?

ஆவணி, புரட்டாசியில், மழைக்கும் புயலுக்கும் முன்னால். தளிர் விடும் பங்குனி, சித்திரையில் வேண்டாம், மரம் சேமித்த சத்தையெல்லாம் அப்போதுதான் தளிருக்குக் கொடுத்திருக்கும். ஒரே தடவையில் குடையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

மூன்று வெட்டு வேண்டும். முதலில் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுங்கள். அடுத்து அதிலிருந்து இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக அறுங்கள், கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். கடைசியாக மீதிக் கட்டையை, தண்டில் அது சேரும் இடத்தில் வளையம்போல உப்பியிருக்கும் கழுத்துக்கு வெளியே அறுங்கள். மரம் காயத்தை மூடுவது அந்தக் கழுத்திலிருந்துதான். கழுத்தையும் சேர்த்து மழித்தாலும் சரி, ஒரு முழம் கட்டையை விட்டாலும் சரி, காயம் ஆறாமல் உள்ளே உளுத்துப் பொந்து விழும். அரிவாளால் கொத்த வேண்டாம், ரம்பம்தான். தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். தெரு மரமென்றால் வெட்டும் முன் உள்ளாட்சியில் அனுமதி கேட்க வேண்டும்.

19. மரத்துல வேற மாதிரி இலையோட ஒரு கொத்து வளருது.

புல்லுருவி. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். அதன் வேர் கிளைக்குள் இறங்கி மரத்தின் தண்ணீரை உறிஞ்சும். இலையை மட்டும் ஒடித்தால் மறுபடி வரும். ஒட்டிய இடத்திலிருந்து ஒரு அடி கீழே, கிளையோடு வெட்டுங்கள். பூக்கும் முன் வெட்டினால் பரவாது. பக்கத்து மரங்களையும் பாருங்கள்.

20. வாசலுக்கு டைல்ஸ் போடுறோம். மரத்தை ஒட்டிப் போட்டுடலாமா?

வேண்டாம். வேர் மூச்சு விடுவது மேல் ஒன்றரை அடி மண்ணில்தான். தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 மீட்டர் மண் திறந்திருக்க வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றியிருந்த கான்கிரீட்டைத் தண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்துக்கு அகற்றும்படி 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது இதனால்தான். அதற்கு வெளியேயும் சிமெண்டுத் தளம் வேண்டாம், மணல் படுக்கையில் கல் பதித்து இடுக்கில் தண்ணீர் இறங்க விடுங்கள். தளத்துக்காக ஒரு அடி மண்ணைக் கொட்டி அடித்தண்டை மூடுவதும் சிமெண்டு போடுவதற்குச் சமம். ஏற்கெனவே போட்டுவிட்டால் உளியால் உடைத்து எடுங்கள், இயந்திரம் வைத்து வேரைச் சிதைக்க வேண்டாம்.

21. புயல்ல சாஞ்சிடுச்சு. தூக்கி நிறுத்தினா பிழைக்குமா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி இது. தண்டு முக்கால் அடிக்குக் குறைவான தடிமன், பாதி வேராவது இன்னும் மண்ணில், சாய்ந்து மூன்று நாளுக்குள் என்றால் புங்கன் பெரும்பாலும் பிழைக்கும். அதற்கு மேல் தடித்த மரத்தை வீட்டருகே நிறுத்துவது ஆபத்து. வேர்ப்பிடிப்பு பழைய பலத்துக்கு வராது.

சாய்ந்த உடனே வெளியே தெரியும் வேரை ஈரச் சாக்கால் மூடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் மற்றதெல்லாம் வீண். குடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். 18இல் சொன்ன கால் பங்கு வரம்பு இங்கே பொருந்தாது, ஏனென்றால் வேரே பாதி போய்விட்டது. கிழிந்த வேர்களை நேராக அறுத்து, வேர் உட்கார வேண்டிய பள்ளத்தை ஆழமாக்கி, மெதுவாக நிமிர்த்தி, மண்ணிட்டு மிதித்து, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மூன்று திசையில் கயிறு கட்டுங்கள், தண்டில் படும் இடத்தில் பழைய டயர் டியூபைச் சுற்றுங்கள். ஓராண்டுக்குப் பிறகு அவிழ்க்கலாம். கன்றுக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கை (கேள்வி 9) இரண்டு மடங்காக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிமிர்த்தும்போது அடியில் வேர் உருண்டையாகச் சுற்றியிருந்தால் (கேள்வி 6) நிறுத்த வேண்டாம். அது மறுபடி விழும்.

22. காயை ஏதாவது பண்ணலாமா? குழந்தைங்க வாயில வச்சா ஆபத்தா?

விதையும் எண்ணெயும் கடுங்கசப்பு, உண்ணத் தகாதவை. கசப்பால் குழந்தைகள் துப்பிவிடுவார்கள். விழுங்கிவிட்டால் வாந்தி வரலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடு மாட்டுக்கும் பிண்ணாக்கை நேரடியாகத் தீனியாக வைக்கக்கூடாது.

விதையில் 30 சதம் அளவுக்கு எண்ணெய் உண்டு. விளக்குக்கும் சோப்புக்கும் தோல் பதனிடவும் பழைய நாளிலிருந்தே பயன்படுகிறது, இப்போது பயோடீசலுக்கும் போகிறது. வீட்டில் ஒரு மரம் வைத்திருப்பவர் எண்ணெய் ஆட்ட அலைய வேண்டாம். எண்ணெய் ஆட்டுபவரிடம் விதையைக் கொடுத்துப் பிண்ணாக்கு கேளுங்கள். சுமார் 4 சதம் தழைச்சத்து உள்ள அந்தப் பிண்ணாக்கில் செடிக்கு ஒரு கைப்பிடி வீதம், வேரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி மண்ணில் கிளறி விடுங்கள். விதைக்கன்று பூக்கவே ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும், பூத்த பூ காய்ந்த நெற்றாக உதிர அடுத்த மாசி வரும். அதனால் ‘பூத்துச்சு, காய் எங்கே’ என்று வைகாசியில் தேட வேண்டாம். பூவே கொப்புளமாகி உருண்டையாக நின்றால் அது காயல்ல, ஒரு சின்ன ஈயின் வேலை. அவற்றைக் கொத்தோடு பறித்து எரித்துவிடலாம்.